டிங்கிள் போகிறீர்களா? இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்: அயர்லாந்தின் மேற்கு முனை ஊருக்கு முழு வழிகாட்டி

அயர்லாந்து போகிற நம்மவர்கள் பெரும்பாலும் கில்லார்னியில் அறை எடுத்து, காலையில் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, மத்தியானத்துக்குள் டிங்கிளைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஊரை ஓட்டமாக ஓடிப் பார்க்க முடியாது என்பதெல்லாம் இல்லை, ஊர் சின்னதுதான், அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். பிரச்சினை வானம். கெர்ரி மாவட்டத்திலிருந்து அட்லாண்டிக் கடலுக்குள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தீபகற்பத்தின் தென்கரையில் டிங்கிள் இருக்கிறது, அயர்லாந்தின் மேற்குக் கோடி நகரம் அதுதான். கடலிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். காலையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் மூட்டமாக இருக்கும், இரண்டு மணிக்குக் கண் கூசும் வெயில் அடிக்கும், நான்கு மணிக்கு மறுபடி சாரல். உங்களுக்குக் கிடைத்த அரை நாளில் மூட்டம் விழுந்தால், கார் கண்ணாடியில் வைப்பர் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விதியில் நிற்கிறது: படுக்கையை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள், நாட்களின் வரிசையை உறுதி செய்யாதீர்கள். எந்த நாள் வெளுத்திருக்கிறதோ அது கடற்கரைச் சுற்றுக்கும் படகுக்கும், எந்த நாள் கொட்டுகிறதோ அது ஊருக்குள்.

எந்த மாதம், எத்தனை நாள்

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் மாதத்தில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆகவே நாள் இரண்டு மடங்காகிவிடும். ஜூலையும் ஆகஸ்டும் நல்ல மாதங்கள்தான், ஆனால் அயர்லாந்தே விடுமுறையில் இங்கே வந்து நிற்கும், அறை வாடகை எகிறும், கடற்கரைச் சாலையில் பேருந்துகள் வரிசை கட்டும். கோடையின் பிற்பாதியில் சாலையோர வேலிகளில் ஃப்யூஷியா பூக்கள் சிவப்புச் சரமாகத் தொங்குவதைப் பார்க்கலாம் என்பது ஒரு ஆறுதல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை படகு கிடையாது, பல உணவகங்கள் பூட்டியிருக்கும். விதிவிலக்காக, டிசம்பர் 26 அன்று வைக்கோல் உடையும் முகமூடியும் அணிந்து மேளமும் புல்லாங்குழலுமாக ஊர்வலம் போகும் ரென் நாள் கொண்டாட்டம் இங்கே வெகு விசேஷம், அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

இரண்டு இரவு என்பது குறைந்தபட்சம். தீபகற்பத்தின் முனைக்கு எதிரே கடலில் இருக்கும் பிளாஸ்கெட் தீவுக்கும் போக வேண்டும் என்றால் மூன்று இரவு வையுங்கள், ஏனென்றால் படகு ஓடுமா ஓடாதா என்பது அன்றைக்குக் காலையில் கடல் சொல்லும்.

விசா

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் வட்டாரத்தில் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறது என்று டப்ளினுக்கு விமானம் பதிந்துவிடாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக அயர்லாந்து விசா வேண்டும். பிரிட்டனையும் சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தியர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்தின் கீழ் பி.ஐ.வி.எஸ். என்ற குறிப்போடு தரப்படும் குறுகிய கால விசா ஒன்றே இரண்டு நாட்டுக்கும் போதும், ஆனால் எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாட்டுக்குள் முதலில் நுழைய வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் லண்டன் தமிழர்களுக்கு விசா கவலையே இல்லை.

போய்ச் சேருவது

கார் இருந்தால் எல்லாம் எளிது. டப்ளினிலிருந்து எம்7 நெடுஞ்சாலை பிடித்து லிமெரிக், அங்கிருந்து டிராலி, அப்புறம் என்86 சாலையில் டிங்கிள். மொத்தம் சுமார் 350 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினால் நாலரை மணி நேரம், ஆனால் நிற்காமல் யார் ஓட்டுகிறார்கள். டப்ளின் விமான நிலையத்தில் கார் எடுத்தால் எம்50 சுற்றுச்சாலையில் சுங்கச்சாவடியே கண்ணில் படாது, கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்திலோ கடையிலோ நீங்களாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். சில வாடகை நிறுவனங்கள் அதைத் தாங்களே கட்டி உங்கள் கணக்கில் சேர்த்துவிடும், சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஷானன் விமான நிலையத்தில் இறங்கினால் தூரம் பாதிக்கும் குறைவு. இன்னும் பக்கம் ஃபாரன்ஃபோரில் உள்ள கெர்ரி விமான நிலையம், டப்ளினிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிறு விமானங்கள் வருகின்றன.

கார் இல்லாமலும் முடியும். டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து டிராலிக்கு ரயில், ஏறக்குறைய நான்கு மணி நேரம், பல வண்டிகளுக்கு மேலோவில் மாற வேண்டும். டிராலி ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையம், அங்கிருந்து டிங்கிளுக்கு ஒரு மணி நேரச் சொச்சம். ஒரு காலத்தில் டிராலிக்கும் டிங்கிளுக்கும் இடையே குறுகிய பாதை ரயில் ஓடியது, 1891-ல் தொடங்கி 1953-ல் நின்றுவிட்டது. இப்போது பேருந்துதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை குறைவு. ஊருக்கு வந்தபின் மின்சார சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், அரை நாள் சிற்றுந்துச் சுற்றுலாவும் உண்டு.

ஓட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான், அது நிம்மதி. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பே கேட்டுப் பதிய வேண்டும், விலையும் கூட. கிடைப்பதிலேயே சின்னக் காராக எடுங்கள். பெரிய எஸ்.யு.வி. இங்கே வசதி அல்ல, தண்டனை. சாலையோரம் 80 என்று வேகப் பலகை இருக்கும், அது அந்த வேகத்தில் போகச் சொல்லி இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் வரலாம், ஆட்டு மந்தை வரலாம், பாதி சாலையை அடைத்துக்கொண்டு ஒரு பேருந்தே வரலாம். எதிரே வருகிறவர் ஒதுங்கி வழிவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது இந்த ஊர் மரியாதை.

கில்லார்னி வழியாக வந்தால்

காசில்மெய்ன் தாண்டி கடலோரமாக வரும் சாலையைப் பிடியுங்கள். வழியில் இன்ச் கடற்கரை, விரிகுடாவுக்குள் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குப் பாயும் மணல் திட்டு. காரை மணலிலேயே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறவர்களைப் பார்ப்பீர்கள். வேடிக்கை பாருங்கள், வாடகைக் காரில் அதைச் செய்யாதீர்கள், கடல் ஏறும் நேரம் தெரியாமல் நிறுத்திவிட்டு டிராக்டர் வைத்து இழுக்க வேண்டிய நிலைக்கு வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

அதற்கு அடுத்து அனஸ்கால். பேருந்துகள் நிற்காமல் போய்விடும் கிராமம், நீங்கள் நில்லுங்கள். சவுத் போல் இன் என்று ஒரு மதுக்கூடம் இருக்கிறது, அதாவது தென் துருவ விடுதி. இந்த மூலையில் ஏன் அந்தப் பெயர் என்றால், அதைத் திறந்தவர் டாம் கிரீன். இந்த ஊர்ப்பக்கத்துக்காரர், 1877-ல் பிறந்தவர், ஸ்காட், ஷாக்கிள்டன் இருவரோடும் சேர்த்து மூன்று அண்டார்டிக் பயணங்கள் போனவர். 1912-ல் நோய்வாய்ப்பட்ட தன் அதிகாரியைக் காப்பாற்ற, கையில் கொஞ்சம் சாக்லேட்டும் பிஸ்கட்டும் மட்டும் வைத்துக்கொண்டு, கூடாரமில்லாமல் சுமார் 56 கிலோமீட்டர் பனியில் தனியாக நடந்து உதவி கூட்டி வந்தார். அவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பனிப்புயல் ஆரம்பித்தது. இதற்காகப் பதக்கம் வாங்கியவர் ஊருக்குத் திரும்பி மதுக்கூடம் நடத்திக்கொண்டு, துருவத்தைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசாமலே 1938-ல் இறந்தார். எதிர்ப்புறம் சிறு பூங்காவில் அவர் சிலை இருக்கிறது, கையில் நாய்க்குட்டிகளோடு.

பெயர்ப் பலகைகள், கழிப்பறைக் கதவுகள்

இந்தத் தீபகற்பத்தின் மேற்குப் பாதி கெல்டாக்ட், அதாவது ஐரிஷ் மொழி அன்றாடம் புழங்கும் பகுதி. சாலைப் பலகைகள் ஐரிஷில் மட்டும் இருக்கும். 2005-ல் அரசு ஆங்கிலப் பெயர்களை எடுத்துவிட்டபோது டிங்கிளின் பெயரே பலகையிலிருந்து மறைந்தது, ஊர்க்காரர்கள் வெகுண்டார்கள், சுற்றுலாப் பயணி எப்படி வருவான் என்று கேட்டார்கள், 2006-ல் வாக்கெடுப்பு வைத்து இரண்டு பெயரும் வேண்டும் என்று பெருவாரியாகச் சொன்னார்கள். மொழிக்கும் பிழைப்புக்கும் நடுவே நடந்த சண்டை, நமக்குப் புரியாத விஷயம் இல்லை. இன்றைக்கும் டாங்கியன் என்று தொடங்கும் பலகை டிங்கிளைத்தான் காட்டுகிறது, டூன் க்வீன் என்றால் டன்குவின், க்யான் ட்ரா என்றால் வென்ட்ரி. கைப்பேசி வரைபடத்தைப் புறப்படும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும்.

கழிப்பறை விஷயம் முக்கியம். கதவில் எம் எழுத்தில் தொடங்கும் சொல் இருந்தால் அது பெண்களுக்கு, எஃப் எழுத்தில் தொடங்கினால் ஆண்களுக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் நேர் எதிராக நுழைந்துவிடுவீர்கள்.

எங்கே தங்குவது

ஊருக்குள்ளேயே, நடக்கிற தூரத்தில். ராத்திரி இசை கேட்டுவிட்டு இருட்டில் கார் ஓட்டித் திரும்ப வேண்டியிருந்தால் பாதி சந்தோஷம் போய்விடும், டாக்சியும் சுலபமாகக் கிடைக்காது. காலை உணவோடு அறை கொடுக்கும் வீடுகள், அவர்கள் பி அண்ட் பி என்பார்கள், இங்கே ஏராளம், விடுதியைவிட எனக்கு அவைதான் பிடிக்கும். வீட்டுக்காரரிடம் நேற்றுப் படகு போனதா, இன்றைக்குப் போகுமா என்று கேட்டால் எந்த வானிலைச் செயலியும் சொல்லாததைச் சொல்வார். குடும்பமாக நாலைந்து பேர் என்றால் சமையலறையோடு கூடிய சிறு வீடு வாரக் கணக்கில் கிடைக்கும், சைவக்காரர்களுக்கு அதுவே உத்தமம்.

முதல் சாயங்காலம்: ஊருக்குள்

காரைத் துறைமுகத்தருகே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடங்கள். மீன்பிடிப் படகுகள், பக்கத்தில் ஒரு வெண்கல டால்பின். அதன் பெயர் ஃபங்கி. 1983-ல் தனியாக இந்தத் துறைமுகத்துக்கு வந்து, 2020 அக்டோபரில் காணாமல் போகும் வரை இங்கேயே வாழ்ந்தது. ஒரு ஊரின் பொருளாதாரத்தையே ஒற்றை டால்பின் தூக்கி நிறுத்தியது என்று சொன்னால் மிகை இல்லை. அதைக் காட்டவே ஓடிய படகுகள் இப்போது கடல்நாய், திமிங்கிலம், பஃபின் பறவைகள் பார்க்கக் கூட்டிப் போகின்றன.

கிரீன் தெருவில் ஏறுங்கள். டிக் மேக்ஸ் என்ற மதுக்கூடம் ஒரு பக்கம் செருப்பு, தோல் வேலைக் கடையாக இருந்தது, அந்தப் பழைய பலகைகளும் அலமாரிகளும் இன்னும் அப்படியே. வாசல் நடைபாதையில் வந்துபோன பிரபலங்களின் பெயர் பொறித்த நட்சத்திரங்கள். மெயின் தெருவில் ஃபாக்ஸி ஜான்ஸ், இங்கே ஒரு கையால் பியர் வாங்கிக்கொண்டு மறு கையால் ஆணியும் சுத்தியலும் வாங்கலாம், ஏனென்றால் பாதி மதுக்கூடம், பாதி இரும்புக்கடை. சுற்றுலாவுக்காகச் செய்த ஜோடனை இல்லை இது. சிறு ஊர்களில் ஒரே குடும்பம் இரண்டு வியாபாரமும் பார்த்த பழைய வழக்கம், மற்ற ஊர்களில் மறைந்துவிட்டது, இங்கே மிச்சமிருக்கிறது.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். ஐரிஷ் மதுக்கூடம் என்பது ஊர்க்கூடம் மாதிரி, தேநீரோ எலுமிச்சைச் சோடாவோ வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஃபிடில், அக்கார்டியன், புல்லாங்குழல் எல்லாம் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மதுக்கூடத்தில் இருக்கக் கூடாது, மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. அதனால் சில இடங்களில் சீக்கிரமே தொடங்கும் இசை எங்கே என்று விசாரித்து அங்கே போங்கள். வாசிக்கிறவர்களுக்கு மிகப் பக்கத்தில் உள்ள இருக்கைகள் மற்ற கலைஞர்களுக்கானவை, அங்கே போய் உட்காராதீர்கள். யாராவது துணைக்கருவி இல்லாமல் பாட ஆரம்பித்தால் அறையே அமைதியாகிவிடும், நீங்களும் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

வெளுத்த நாள்: ஸ்லே ஹெட் சுற்று

இதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள். டிங்கிளில் தொடங்கி டிங்கிளிலேயே முடியும் வட்டச் சாலை, சுமார் 47 கிலோமீட்டர். வெறும் சாலையாக ஓட்டினால் ஒன்றரை மணி நேரம். முழு நாள் ஒதுக்குங்கள்.

கடிகாரச் சுற்றில் போங்கள், அதாவது முதலில் மேற்கே வென்ட்ரி. பேருந்துகள் எல்லாம் அந்தத் திசையில்தான் போகின்றன, எதிர்த்திசையில் போனால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் பேருந்தின் முகம் என்று மாட்டிக்கொண்டு பின்னோக்கி ஓட்ட வேண்டி வரும். பேருந்துகள் பத்து மணிக்கு மேல் வந்து நிறையும். ஆகவே ஒன்பதுக்குள் கிளம்புங்கள், அல்லது கோடையில் மாலை நான்குக்கு மேல் கிளம்பி நீண்ட அந்தி வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாவதுதான் என் தேர்வு. உள்ளே போக வேண்டிய கட்டடங்கள் மட்டும் பூட்டியிருக்கும், கல்லும் கடலும் பூட்டுவதில்லை.

வென்ட்ரி அமைதியான கடற்கரை, குழந்தைகள் கால் நனைக்க ஏற்றது. அதைத் தாண்டினால் ஃபஹன் பகுதி, ஈகிள் மலையின் சரிவில் தேன்கூட்டு வடிவக் கல் குடில்கள். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக உள்நோக்கிச் சரித்து அடுக்கிக் கூரையாக்கியவை, இந்தச் சரிவில் நூற்றுக்கணக்கில் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அவை தனியார் பண்ணை நிலத்தில் நிற்கின்றன, விவசாயிகள் ஓரிரு யூரோ கட்டணம் வாங்குவார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அருகிலேயே டன்பெக் என்ற கடல்முனைக் கோட்டை, அதன் ஒரு பகுதி புயல்களில் பாறையோடு இடிந்து கடலில் விழுந்துவிட்டது. வழியில் ஓரிடத்தில் மலை ஓடை சாலையின் மேலேயே ஓடும். அதிர்ச்சி அடையாமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள், அது அப்படித்தான் கட்டப்பட்டது.

வெள்ளைச் சிலுவைச் சிற்பம் நிற்கும் வளைவுதான் ஸ்லே ஹெட். எல்லோரும் நடுச்சாலையில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், நீங்கள் ஒதுக்கிடம் வரும்வரை பொறுங்கள். அடுத்து கூமினூல் கடற்கரை. பார்க்கும்போதே குதிக்கத் தோன்றும், குதிக்காதீர்கள், அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். குளிக்க வேண்டுமென்றால் வென்ட்ரியிலேயே குளித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பக்கத்தில் டன்மோர் முனைக்கு நடந்து ஏறுங்கள். அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்குக் கோடி அது. உச்சியில் ஓகம் எழுத்து கீறிய கல் ஒன்று நிற்கிறது, கல்லின் விளிம்பில் கோடுகளாகவே எழுதப்பட்ட பழைய ஐரிஷ் எழுத்து. காற்று பலமாக அடித்தால் விளிம்புப் பக்கம் போகவே வேண்டாம், அங்கே வேலி இல்லை.

டன்குவின் படகுத்துறை அடுத்தது. பாறைச் சரிவில் பாம்பாக வளைந்து இறங்கும் பாதை, பக்கத்தில் கூரிய பாறைகள். அஞ்சலட்டைகளில் வரும் படம் இதுதான். மேலே நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள். அந்தப் பாதையில் கார் ஓட்டக் கூடாது, அங்கே திருப்ப இடமே இல்லை. எதிரே தெரியும் நீரிணையில் 1588-ல் ஸ்பெயின் கடற்படையின் இரண்டு பெரிய கப்பல்கள் மூழ்கின, நீருக்கடியில் பாறைகள் இன்றும் ஒளிந்திருக்கின்றன என்று மீனவர்கள் எச்சரிப்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பாலிஃபெரிட்டர் தாண்டியபின் ஒரு சிறு கிளைச்சாலை டூன் அன் ஓர் என்ற இடத்துக்குப் போகும். அழகான விரிகுடா, புல் மூடிய மண்மேடு, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். 1580-ல் இங்கே போப்பின் சார்பில் வந்திறங்கிய இத்தாலிய, ஸ்பானிய வீரர்கள் முற்றுகைக்குப் பின் சரணடைந்தார்கள். சரணடைந்த சுமார் அறுநூறு பேரை ஆங்கிலேயப் படை வெட்டிக் கொன்றது. வெட்டுண்ட தலைகளைச் செதுக்கிய நினைவுக்கல் நிற்கிறது. பேருந்துகள் இங்கே வருவதில்லை.

கடைசியாக காலரஸ் வழிபாட்டுக்கூடம். கவிழ்த்த படகு மாதிரி ஒரே ஒரு சிறு கல் கட்டடம், உள்ளே பத்துப் பேர் நின்றால் நெருக்கம். எப்போது கட்டினார்கள் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை, ஏழாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை சொல்கிறார்கள். துளி சாந்து கிடையாது. ஒவ்வொரு கல்லையும் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்த்து வைத்திருப்பதால் மழைநீர் வழிந்து வெளியே போய்விடுகிறது. இத்தனை நூற்றாண்டு கெர்ரி மழைக்குப் பிறகும் உள்ளே காய்ந்து கிடக்கும் தரையைத் தொட்டுப் பாருங்கள், புதுக்கட்டடங்களில் ஒழுகும் கூரையோடு போராடும் நமக்கு அதுவே போதும். பக்கத்தில் உள்ள தனியார் மையத்தில் நிறுத்தினால் கட்டணம், நினைவுச் சின்னத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சற்றுத் தள்ளி கில்மால்கெடர், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் இடிபாடு. கல்லறைகளுக்கு நடுவே உச்சியில் துளையிட்ட ஓகம் கல் ஒன்றும், கல்லால் ஆன சூரியக் கடிகாரம் ஒன்றும் இருக்கின்றன. காலரஸில் ஐம்பது பேர் இருக்கும் நேரத்தில் இங்கே நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

கடல் அமைதியாக இருந்தால்: கிரேட் பிளாஸ்கெட்

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை படகு ஓடும், டன்குவினிலிருந்து இருபது நிமிடம், டிங்கிளிலிருந்தும் வென்ட்ரியிலிருந்தும் கூடுதல் நேரம். பதிவு செய்யும்போதே ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். தீவில் சரியான துறை கிடையாது, பெரிய படகிலிருந்து ரப்பர் படகுக்கு மாறி, வழுக்குப் படியில் கால் வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வற்புறுத்திக் கூட்டிப் போகாதீர்கள், அவர்களுக்கு டன்குவினில் உள்ள பிளாஸ்கெட் மையம் இருக்கிறது, தீவைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டியது, அதுவும் குளிர்காலத்தில் மூடிவிடும்.

போவதற்கு முன் அந்த மையத்தைப் பார்த்துவிட்டுப் போனால் தீவு வேறு மாதிரி தெரியும். அதிகபட்சம் நூற்றெழுபது பேர் சொச்சம் வாழ்ந்த இடம். மருத்துவர் இல்லை, கடை இல்லை, பாதிரியார் கூட இல்லை. ஆனால் பள்ளிப் படிப்பே அதிகம் இல்லாத இந்தத் தீவுக்காரர்கள் 1920, 30-களில் தங்கள் வாழ்க்கையை ஐரிஷில் எழுதினார்கள், சொல்லி எழுத வைத்தார்கள், அந்த நூல்கள் அந்த மொழியின் செவ்விலக்கியமாகிவிட்டன. பின்னர் இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள், கனத்த படகைத் தள்ள ஆளில்லாமல் போனது. 1947 ஜனவரி வாக்கில் ஒரு இளைஞன் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது கடல் கொந்தளித்ததால் மருத்துவர் வர முடியவில்லை, அவன் இறந்துபோனான். அதே ஆண்டு புயலில் உணவு தீர்ந்து, பிரதமர் டி வலேராவுக்கே தந்தி அடித்தார்கள். 1953 நவம்பர் 17 அன்று மிஞ்சியிருந்த இருபத்திரண்டு பேரை அரசு கரைக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தது.

இப்போது கூரையில்லா வீடுகள், ஆடுகள், கோடையில் வெள்ளை மணலில் நூற்றுக்கணக்கான கடல்நாய்கள். கடல்நாய்களிடமிருந்து தள்ளியே நில்லுங்கள். கோடையில் தீவைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்று ஆண்டுதோறும் விளம்பரம் வரும், உலகமெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும். சாப்பாடு, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் தீவில் கிடைக்கும் படகைத் தேர்ந்தெடுங்கள், சுற்றிக் காட்டிவிட்டு இறக்காமலே திரும்பும் படகுகளும் உண்டு, விலையை மட்டும் பார்த்துப் பதிந்தால் ஏமாற்றமாகிவிடும்.

கொட்டுகிற நாள்

குழந்தைகள் இருந்தால் டிங்கிள் ஓஷன்வேர்ல்ட் மீன் காட்சியகம், பெங்குவின்கள் உண்டு. பெரியவர்கள் கிரீன் தெருவில் டீஷர்ட் (Díseart) என்ற பழைய கன்னியர் மடத்துக்குப் போங்கள். அதன் சிற்றாலயத்தில் ஹாரி கிளார்க் 1920-களில் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கின்றன, நீலமும் கருஞ்சிவப்பும் அடர்ந்து, முகங்கள் எல்லாம் ஏதோ காய்ச்சல் கனவில் வந்தவை போல. டப்ளினில் இருந்தால் வரிசையில் நின்று பார்ப்பார்கள், இங்கே நேரம் விசாரித்துப் போனால் போதும். சாரல் மட்டும்தான் என்றால் துறைமுக வாயில் பக்கம் ஈஸ்க் கோபுரத்துக்கு ஏறலாம். 1847-ல், பெரும் பஞ்சத்தின் நடுவே, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே கட்டிய கற்கோபுரம். துறைமுக வாயில் எது என்று மாலுமிகளுக்குக் காட்ட அதில் ஒரு மரக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது.

சாப்பாடு

மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம், காலையில் துறையில் இறங்கியது மத்தியானம் தட்டில் இருக்கும். கிழங்கும் பாலும் மீனும் சேர்ந்த சவுடர் சூப், கூடவே சோடா ரொட்டி, வெண்ணெய், அதுவே ஒரு வேளைக்குப் போதும். சைவம் என்றால் சவுடர் வேண்டாம், காய்கறி சூப் கேளுங்கள், அதிலும் கோழிச் சாறு சேர்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள். காலை உணவுத் தட்டில் கறுப்பாக வட்டமாக இருப்பது பன்றி ரத்தத்தில் செய்தது, தெரியாமல் கேக் என்று எடுத்துவிட வேண்டாம். முந்தின இரவே சொல்லிவைத்தால் முட்டை, காளான், தக்காளி, பீன்ஸ் என்று மாற்றித் தருவார்கள். உணவகச் சமையலறைகள் ஒன்பது மணியோடு மூடிவிடும், நம் ஊர் நேரத்தில் பசித்தால் மதுக்கூடத்து உருளை வறுவல்தான் கதி. மர்ஃபிஸ் ஐஸ்கிரீம் இந்த ஊரில் 2000-ல் தொடங்கியது, கெர்ரி மாட்டுப்பாலில் செய்வது. கடல் உப்பு போட்ட வகை ஒன்று உண்டு, அதற்கான உப்பை டிங்கிள் கடல்நீரைக் காய்ச்சியே எடுக்கிறார்கள், முதலில் அதைச் சுவைத்துப் பாருங்கள்.

பிராண்டன் மலை, ஏறுகிறவர்களுக்கு மட்டும்

952 மீட்டர். ஆறாம் நூற்றாண்டுத் துறவி பிரெண்டன் பெயர் கொண்ட மலை, மேற்குப் பக்கம் பாலிபிராக்கிலிருந்து போகும் யாத்திரைப் பாதை எளிது, ஏறி இறங்க நான்கைந்து மணி நேரம். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் ஏறாதீர்கள், எதுவும் தெரியாது என்பது ஒருபுறம், கிழக்குப் பக்கம் செங்குத்துப் பள்ளம். அடிவாரத்தில் உள்ள சிறு கடற்கழியிலிருந்துதான் பிரெண்டன் அமெரிக்கா வரை போனார் என்று கதை. அது முடியுமா என்று பார்க்க 1976-ல் டிம் செவெரின் மாட்டுத்தோலால் தைத்த படகில் இங்கிருந்து கிளம்பி, 1977-ல் நியூஃபவுண்ட்லாந்து போய்ச் சேர்ந்தார்.

கிளம்பும் நாள்: கானர் கணவாய்

வந்த வழியே திரும்பாதீர்கள். ஊரிலிருந்து வடக்கே ஏறும் சாலை கானர் கணவாய்க்குப் போகிறது, உச்சி 456 மீட்டர். டிங்கிள் பக்கம் சாலை அகலம், பயமில்லை. உச்சியில் நிறுத்திவிட்டுப் பாருங்கள், தெற்கே டிங்கிள் துறைமுகம், வடக்கே ஏரிகளும் பிராண்டன் விரிகுடாவும். அங்கிருந்து இறங்கும்போது முதல் ஓரிரு கிலோமீட்டர் பாறையைக் குடைந்த ஒற்றை வண்டிப் பாதை. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை, கேரவன் வேன் எடுத்தவர்கள் மறந்துவிடுங்கள். எதிரே கார் வந்தால் பக்கத்தில் ஒதுக்கிடம் யாருக்கு இருக்கிறதோ அவர் நிற்பார். மூட்டமாக இருந்தால் கௌரவம் பார்க்காமல் என்86 வழியாகவே போங்கள். அருவி விழும் இடத்தில் ஒரு சிறு நிறுத்தம் உண்டு, பாறையில் கொஞ்சம் கைவைத்து ஏறினால் மேலே ஒரு ஏரி. இந்த மலைப்பகுதியை 2024-ல் அரசு வாங்கித் தேசியப் பூங்காவில் சேர்த்திருக்கிறது.

இறங்கி டிராலியை நெருங்கும்போது பிளெனர்வில்லில் வெள்ளைக் காற்றாலை ஒன்று தெரியும், 1800-ல் கட்டியது. பஞ்சத்தின்போது கெர்ரி மக்கள் கப்பலேறிய துறை இது. ஜீனி ஜான்ஸ்டன் என்ற கப்பல் 1848-லிருந்து 1855 வரை பதினாறு முறை அட்லாண்டிக்கைக் கடந்து ஆட்களை ஏற்றிப் போனது, வழியில் ஒருவர் கூட இறக்கவில்லை, அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத விஷயம். அதன் மாதிரிக் கப்பலை இங்கேதான் கட்டினார்கள், இப்போது டப்ளினில் லிஃபி ஆற்றில் நிற்கிறது, விமானத்துக்கு முன் அரை நாள் மிஞ்சினால் ஏறிப் பார்க்கலாம். ரயிலில் திரும்புகிறவர்கள் காற்றாலையில் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டாம், அங்கிருந்து டிராலி நிலையம் பக்கம்தான் என்றாலும் ஊருக்குள் நெரிசல் இருக்கும்.